போக்குக் காட்டுவது அழுகுணி ஆட்டமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறையில் கும்பகோணத்துத் திருமண மண்டபம் ஒன்றில் நடந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6' என்ற, திரையில் இருவர் மோதும் சண்டை வீடியோ கேம் போட்டிக்கு, சம்பா அறுவடை இயந்திரத்துக்கான எங்கள் முறையைப் பக்கத்து வயல்காரருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, என் பேரனை அழைத்துச் சென்றிருந்தேன். வாசலில் ஒட்டியிருந்த விதிகளில் இரண்டு எனக்கு அன்றே உறுத்தின. எதிராளியைப் பிடித்துத் தூக்கி எறியக் கூடாது என்பது ஒன்று. அடிக்காமல் முன்னும் பின்னும் நடந்து 'ஏமாற்றினால்' அந்தச் சுற்று எதிராளிக்குப் போய்விடும் என்பது மற்றொன்று. இரண்டாவது விதியால் பேரன் ஒரு சுற்றை இழந்தான். அதற்காக இதை எழுதவில்லை. அடுத்த ஆட்டத்தில் அவன் எந்த விதியின் உதவியும் இல்லாமல் நன்றாகவே உதை வாங்கி வெளியேறினான். கோடை விடுமுறைப் போட்டிக்கும் இதே விதிகள்தான் என்று அமைப்பாளர்கள் அறிவித்திருப்பதால் எழுத நேர்ந்தது.

இந்த ஆட்டத்தில் தடுப்பது மிக எளிது. எதிராளிக்கு எதிர்ப்புறமாகக் கீழ்நோக்கி ஜாய்ஸ்டிக்கைச் சாய்த்துப் பிடித்திருந்தால், நம் ஆள் உட்கார்ந்தபடியே தரையில் வரும் அடிகளில் பெரும்பாலானவற்றைத் தடுத்துவிடுவான். உட்கார்ந்திருப்பவனை உடைக்கவென்று மேலிருந்து இறங்கும் அடி ஒன்று உண்டு. ஆனால் நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 படங்கள், ஓடும் ஆட்டத்தில் அது விழ ஏறத்தாழ 20 ஃபிரேம் பிடிக்கிறது. அதாவது ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்கு. கண்ணால் கண்டு கை அசைய மனிதனுக்குக் கால் நொடி போதும் என்பதால், வேறெதற்கும் அஞ்ச வேண்டியிராதவன் எழுந்து நின்று அதையும் தடுத்துவிடுவான். தூக்கி எறிதலோ வெறும் 5 ஃபிரேமில் தொடங்கிவிடுகிறது; நின்று தடுத்தாலும் உட்கார்ந்து தடுத்தாலும் பிடித்துவிடும். அதற்கு விலையாக, கை எட்டும் நெருக்கத்துக்கு உயிரைப் பணயம் வைத்து வர வேண்டும். அதைத் தடை செய்துவிட்டால் உட்கார்ந்திருப்பவனுக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை. அன்று மதியத்துக்குமேல் திரையில் நான் பார்த்தது, கோயில் வாசல் துவாரபாலகர்களைப் போல அசையாமல் காத்திருந்த இரண்டு பேரைத்தான்.

இனி அந்த 'ஏமாற்றுக்கு' வருகிறேன். எதிராளி நம்மைப் பிடிக்கும் அதே வேளையில் நாமும் பிடிக்கும் பொத்தானை அழுத்தினால் விடுவித்துக்கொள்ளலாம். ஆகவே நெருங்கி வருபவனைக் கண்டதும் பிடிக்கு அஞ்சியவனின் விரல் தானாக அழுத்திவிடுகிறது. பேரன் செய்தது இதுதான்: பிடிக்கும் தூரம்வரை நடந்து வந்தான், பிடிக்கவில்லை, அரை அடி பின்னால் வைத்தான். எதிராளியின் கைகள் வெறும் காற்றைப் பிடித்தன. அவை திரும்பி வரும் அந்தச் சிறு இடைவெளியில் பேரனின் பெரிய அடி விழுந்தது. விளையாடுபவர்கள் இதை 'ஷிம்மி' என்கிறார்கள். முன்பே இரண்டு முறை உண்மையிலேயே பிடித்து எறிந்திருந்தால்தான் மூன்றாவது முறை இந்தப் பொய் செல்லும் என்பதையும் கவனிக்க வேண்டும். எறிதலைத் தடுத்த மண்டபத்தில் அவன் பொய்க்கு ஒருவர் மாட்டிக்கொண்டதே, பழைய பழக்கத்தில் அந்தப் பையனின் விரல் அழுத்திவிட்டதால்தான்.

கபடிக்குப் பேர்போன வடுவூர்ப் பக்கம் பிள்ளைகளுக்கு ஆட்டம் கற்பித்தே தலை நரைத்தவன் நான். பாடிச் செல்பவன் 30 நொடிக்குள் செய்வதெல்லாம் இதுவே. போனஸ் கோட்டை நோக்கிக் காலை நீட்டி, கார்னரில் நிற்பவன் கணுக்காலுக்குப் பாய்ந்ததும் அதை இழுத்துக்கொண்டு, பாய்ந்தவன் தோளைத் தொட்டுவிட்டுத் திரும்புபவனை ஊரே தோளில் தூக்கிச் சுமக்கிறது. நீட்டிய காலை ஏன் வைக்கவில்லை என்று எந்த நடுவரும் கேட்டதில்லை. இவ்வகைச் சண்டை ஆட்டங்களின் உலகப் பெரும்போட்டியான ஈவோவிலும் தூக்கி எறிவதற்குத் தடை கிடையாது. 2019-இல் ஃபுகுவோகாவிலும் லாஸ் வேகாஸிலும் நடந்த ஈவோ போட்டிகளில் டெக்கன் 7 என்ற மற்றொரு சண்டை ஆட்டத்தில் பட்டம் வென்ற லாகூர்க்காரர் அர்சலான் ஆஷ், பிற திறமைகளோடு, நகர்விலும் தடுப்பிலும் பேர்பெற்றவர்.

ஓயாமல் பின்வாங்கிக்கொண்டே இருந்தால் என்ன செய்வது என்று அமைப்பாளர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான், ஆனால் அதற்கு ஆட்டமே விடை வைத்திருக்கிறது. பின்னால் போகப் போகத் திரையின் மூலை வந்துவிடும். அங்கே மாட்டியவனுக்கு அந்த அரை அடி விலகலும் கிடையாது. கடிகாரம் 99-இலிருந்து இறங்கி முடியும்போது உயிர்க்கோடு (எஞ்சிய வலுவைத் திரையில் காட்டும் பட்டை) குறைந்தவன் தோற்கிறான் என்பதால், பின்தங்கியவன் வந்தே தீர வேண்டும். இவ்வளவு இருக்க, நடுவர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்து எந்த அடிவைப்பு நேர்மையானது என்று தீர்ப்புச் சொல்வது எனக்கு விளங்கவில்லை.

கள்ளாட்டம் இல்லவே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் பத்து அழுத்தல்களைத் தானே செய்யும் கண்ட்ரோலர்கள் விற்கின்றன. அன்று ஒருவருடைய கண்ட்ரோலரையும் யாரும் வாங்கிப் பார்க்கவில்லை. அந்தச் சோதனையை விதியாக்கி, மேற்சொன்ன இரண்டையும் நீக்குமாறு அமைப்பாளர்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். அவர்கள் விரும்பினால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேரனை அழைத்து வந்து, அந்த அரை அடி எப்படி வைக்கப்படுகிறது என்பதைத் திரையிலேயே காட்டச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
மன்னார்குடி வட்டம்.