எண்ணிக்கை வரும், எதன் எண்ணிக்கை? செயற்கைக்கோள் செய்ய விரும்பும் கல்லூரிகளுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்களுக்கும், பொறியியல் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும், மாணவர் செயற்கைக்கோள் குழுக்களை வழிநடத்தும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரியில் மாணவர்களின் செயற்கைக்கோள் திட்டத்தை மதிப்பாய்வு செய்ய என்னையும் அழைத்திருந்தார்கள். நான் இயற்பியல் கற்பிப்பவன். ஒளிப்படக் கருவி, செய்திப் பரிமாற்றம், வெப்பநிலை உணரிகள் என்று பட்டியல் நீண்டது. கடைசி வரியில் ஒரு கதிர்வீச்சு அளவியும் இருந்தது. அது எண்ணும் துகள் எலெக்ட்ரானா, புரோட்டானா, அதன் ஆற்றல் எவ்வளவு என்று எப்படி அறிவீர்கள் எனக் கேட்டேன். முன்வரிசையில் இருந்த மாணவி சற்று யோசித்துவிட்டு, "எண்ணிக்கை வரும் ஐயா, எதன் எண்ணிக்கை என்று சொல்ல முடியாது" என்றார். நேர்மையான பதில். ஆனால் குழுவில் யாரும் அதைத் தொடர்ந்து பேசவில்லை. ஏவும் தேதியைப் பற்றிய பேச்சுக்குப் போய்விட்டார்கள். அந்த மாணவியிடம் குறை காண எனக்கு ஒன்றும் இல்லை. அளவியைச் சோதிக்க ஒரு கதிர்மூலமோ, அதற்கான காலமோ, வழிகாட்டியோ அவருக்குத் தரப்படவில்லை என்பதுதான் குறை.

விண்வெளிக் கதிர்வீச்சைப் பற்றிய நம் அறிவு தொடங்கியதே ஒரு மாணவர் தம் அளவியைச் சந்தேகித்துச் சோதித்ததில்தான். 1958இல் எக்ஸ்புளோரர் 1 செயற்கைக்கோளில் அயோவா பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் வான் ஆலன் குழு கைகர் எண்ணியைப் பொருத்தி அனுப்பியது. உயரத்தில் அந்த எண்ணி சில நேரம் எதையும் எண்ணாமல் நின்றது. கருவி பழுதென்று ஒதுக்கியிருக்கலாம். அங்கே ஆராய்ச்சி மாணவராக இருந்த கார்ல் மெக்கில்வைன், அதே வகை எண்ணியை ஆய்வகத்தில் வலுவான எக்ஸ் கதிர்களின் முன் வைத்துப் பார்த்தார். கதிர்வீச்சு அளவு மீறும்போது எண்ணி திணறிப்போய்ச் சுழியத்தைக் காட்டுகிறது என்று கண்டார். அங்கே கதிர்வீச்சு இல்லாததால் வந்த சுழியம் அன்று அது, மிகுதியாக இருந்ததால் வந்த சுழியம். பூமியின் காந்தப்புலத்தில் சிக்கிய துகள்கள் பூமியைச் சூழ்ந்து நிற்கும் பகுதிகளை, இன்று வான் ஆலன் வளையங்கள் என்று நாம் பாடம் நடத்துவதை, அந்தச் சோதனை உறுதிப்படுத்தியது.

அதைவிட நமக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில், போல்டர் நகரில், மாணவர்கள் பேராசிரியர்களின் துணையோடு செய்த சிஎஸ்எஸ்டபிள்யூஇ என்ற கனசதுர வகைச் செயற்கைக்கோள் 2012 செப்டம்பர் 13 அன்று வேறொரு பெரிய செயற்கைக்கோளோடு உடன்பயணியாக ஏவப்பட்டது. பத்து சென்டிமீட்டர் கனசதுரங்கள் மூன்றை அடுக்கிய அளவு. அதில் இருந்த அறிவியல் கருவி ஒன்றே ஒன்று: நான்கு சிலிக்கான் உணரிகளை வரிசையாக வைத்து, டான்டலத்தாலும் டங்ஸ்டனாலும் காப்பிட்ட ரெப்டைல் என்ற துகள் அளவி. துகள் எத்தனை உணரிகளை ஊடுருவுகிறது, ஒவ்வொன்றிலும் எவ்வளவு ஆற்றலை விட்டுச்செல்கிறது என்பதைக் கொண்டு அது எலெக்ட்ரானையும் புரோட்டானையும் பிரித்தறிந்தது. துகளின் ஆற்றலை அளக்கும் அலகான எலெக்ட்ரான் வோல்ட்டில் சொன்னால், 0.5 முதல் 3 மில்லியனுக்கு மேல் வரையிலான எலெக்ட்ரான்களும், 9 முதல் 40 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட் வரையிலான புரோட்டான்களும் அதன் எல்லை.

என்னை மிகவும் கவர்ந்தது அதன் திசைப்படுத்தும் முறை. சுழல் சக்கரமோ உந்துபொறியோ இல்லை. உள்ளே ஒரு சட்டகாந்தமும், ஆட்டத்தைத் தணிக்கும் காந்தத் தயக்கக் கம்பிகளும் மட்டுமே. செயற்கைக்கோள் திசைகாட்டி முள்ளைப்போல் பூமியின் காந்தப்புலத்தோடு தன்னைச் சேர்த்துக்கொள்ளும். அளவியின் வாய் புலத்துக்குச் செங்குத்தாக நிற்கும். புலத்தில் சிக்கிச் சுழலும் துகள்களைப் பிடிக்க அதுவே சரியான திசை. எதை அளக்க வேண்டும் என்பது தெளிவாக இருந்ததால்தான், பள்ளி மாணவருக்கும் தெரிந்த ஒரு பொருள் சிக்கலான ஓர் அமைப்பின் வேலையைச் செய்ய முடிந்தது.

அந்த அளவீடுகள் விடை தந்த கேள்வி ஒன்று அறுபது ஆண்டுப் பழமை உடையது: வளையங்களில் உள்ள எலெக்ட்ரான்கள் எங்கிருந்து வருகின்றன? விண்வெளியிலிருந்து வரும் அதிவேகத் துகள்களான அண்டக் கதிர்கள் வளிமண்டல அணுக்கருக்களில் மோதும்போது நியூட்ரான்கள் தெறிக்கின்றன; மின்சுமை இல்லாததால் அவற்றில் சில காந்தப்புலத்துக்குக் கட்டுப்படாமல் மேலேறுகின்றன; தனித்த நியூட்ரானின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 15 நிமிடமே என்பதால் வழியிலேயே சிதைகின்றன; அப்போது பிறக்கும் புரோட்டானும் எலெக்ட்ரானும் புலத்தில் சிக்குகின்றன. வளையங்களுக்கு இது ஓர் ஊற்றாக இருக்கலாம் என்று 1950களின் இறுதியிலேயே கருதினார்கள், ஆனால் எலெக்ட்ரான்களை நேரடியாகப் பிடித்துக்காட்ட முடியவில்லை. உள்வளையத்தின் கீழ் விளிம்பில் சுற்றும் எலெக்ட்ரான்கள், காந்தப்புலம் மெலிந்த தெற்கு அட்லாண்டிக் பகுதிக்கு வந்துசேரும்போது வளிமண்டலத்தில் விழுந்து மறைந்துவிட வேண்டியவை. அவ்வாறு மறைந்தபின்னும் அங்கே எலெக்ட்ரான்கள் தொடர்ந்து காணப்பட்டால், அவை அப்போதைக்கப்போது பிறந்தவை என்றே கொள்ள வேண்டும். இதைச் சின்லின் லீ தலைமையிலான குழு 2017 டிசம்பரில் நேச்சர் இதழில் காட்டியது.

தேதிகளைக் கவனியுங்கள். அந்தச் செயற்கைக்கோள் மூன்று மாதங்களுக்கெனத் திட்டமிடப்பட்டு, இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக, 2014 டிசம்பர் வரை உழைத்தது. முடிவு வெளிவந்தது அதற்கு மூன்று ஆண்டுகளுக்குப் பின். நம் வழக்கப்படி, ஏவிய நாளில் இனிப்பு வழங்கி, முதல் சமிக்ஞை வந்ததும் படம் எடுத்துக்கொண்டு, குழுவைக் கலைத்திருந்தால் அந்தக் கண்டுபிடிப்பு தரவுக் கோப்புகளுக்குள்ளேயே கிடந்திருக்கும்.

நம்மிடம் செய்யும் திறன் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2009இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் 40 கிலோ அனுசாட், 2011இல் எஸ்ஆர்எம்சாட், 2016இல் ஒன்றரைக் கிலோ சத்யபாமாசாட், 2017இல் குமரி மாவட்டத்திலிருந்து நியூசாட் என்று பிஎஸ்எல்வியில் ஏறிச்சென்றவை உண்டு. 2023இல் சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா ஒருங்கிணைக்க, நாடெங்கிலும் உள்ள 750 மாணவிகள் உருவாக்கிய ஆசாதிசாட்-2இன் நோக்கங்களில் கதிர்வீச்சை அளப்பதும் ஒன்று. குலசேகரன்பட்டினத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட ஏவுதளம் இயங்கத் தொடங்கும்போது வாய்ப்பு இன்னும் அருகில் வரும். அதற்குள் நாம் எதை ஆயத்தம் செய்யப்போகிறோம் என்பதே என் கவலை.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன்: அடுத்த மாணவர் செயற்கைக்கோளுக்கு ஒரு கேள்வியையும் ஓர் அளவியையும் மட்டும் கொடுங்கள். தெற்கு அட்லாண்டிக் பகுதியைக் கடக்கும்போது புரோட்டான்களின் எண்ணிக்கை, சூரியனின் செயல்பாடு ஆண்டுக்கணக்கில் கூடிக் குறையும் சுழற்சியோடு எப்படி மாறுகிறது என்பது போன்ற, நீண்ட காலப் பொறுமையான அளவீட்டைக் கோரும் கேள்வி போதும். நம் வானியல் ஆய்வுச் செயற்கைக்கோளான ஆஸ்ட்ரோசாட்டும் அந்தப் பகுதியில் தன் கருவிகளைக் காக்கவென்றே ஒரு துகள் கண்காணிப்பானைச் சுமந்து சென்றது; நாளை ககன்யானில் மனிதர் செல்லும்போது அவர்கள் வாங்கும் கதிர்வீச்சைக் கணிக்கவும் இத்தகைய அளவீடுகள் வேண்டும். முழுச் செயற்கைக்கோளுக்குப் பணம் போதாவிட்டால், பிஎஸ்எல்வியின் நான்காம் கட்டத்தையே ஆய்வு மேடையாக்கும் போயம் ஏற்பாட்டில் அளவியை மட்டும் அனுப்பலாம். 2024 டிசம்பர் 30 அன்று அந்த மேடையில் 24 கருவிகள் சென்றன.

பணத்தைப் பிரிக்கும்போது அளவுத்திருத்தத்துக்கு, அதாவது அளவி காட்டுவதை முன்பே அறிந்த கதிர்மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதற்கு, தனியாக ஒதுக்குங்கள். ஸ்ட்ரான்சியம்-90, பிஸ்மத்-207 போன்ற கதிர்மூலங்களை முறையான அனுமதியோடும் பாதுகாப்போடும் பயன்படுத்த மாணவர்களுக்கு ஒரு மேசை வேண்டும். டெல்லியிலும் மும்பையிலும் உள்ள பெலட்ரான் என்ற துகள் முடுக்கிகளில் நேரம் கேட்டு விண்ணப்பிக்கத் துறைத் தலைவர்கள் அவர்களோடு நிற்க வேண்டும். ஏவிய பின்னும் குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்குத் தரைநிலையத்தை இயக்கவும், தரவைச் சீர்செய்து யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிடவும் ஆளும் ஊதியமும் ஒதுக்கப்பட வேண்டும். கருவியைச் செய்த மாணவர் பட்டம் பெற்றுப் போய்விடுவார் என்பதால், அவருடைய குறிப்பேடுகள் அடுத்தவர் படித்துப் புரிந்துகொள்ளும் நிலையில் துறையிலேயே இருக்க வேண்டும்.

இதில் ஒரு பகுதிக்கு ஏவுதளமும் வேண்டாம், பெரிய நிதியும் வேண்டாம். கடல்மட்டத்தில் நம் உள்ளங்கையின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் அண்டக் கதிர்களால் வளிமண்டலத்தில் பிறக்கும் மியூவான் என்ற துகள் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்று விழுந்துகொண்டே இருக்கிறது. ஓர் உணரியை மேசைமேல் வைத்து அவற்றை ஒரு பருவம் முழுவதும் எண்ணட்டும். அந்த எண்ணிக்கையில் எது மியூவான், எது சுவரிலிருந்து வரும் காமா கதிர், எது மின்னணுச் சுற்றின் இரைச்சல் என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த குழுவுக்கு அடுத்த திட்டத்தை ஒப்படையுங்கள்.

அன்புடனும் எதிர்பார்ப்புடனும்,
ஓர் இயற்பியல் ஆசிரியர்