ஆணுறையோடு முடிந்துவிடவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடலூரில் பாலியல் தொழிலில் உள்ள பெண்களிடம் எச்.ஐ.வி. பற்றிப் பேசிய அளவுக்கு, கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி. கிருமி பற்றி, நான் கண்டவரை, எவரும் பேசவில்லை. தோலோடு தோல் உரசினாலே தொற்றக்கூடிய இக்கிருமியை ஆணுறை ஓரளவுக்கே தடுக்கும், எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கோ இப்புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 6 மடங்கு என்பதால், மற்றவர்களுக்கு 30 வயதில் தொடங்கும் பரிசோதனையை இவர்களுக்கு 25 வயதிலேயே தொடங்குமாறு உலக சுகாதார அமைப்பு கூறுகிறது.

பரிசோதனை பெரிய வித்தையல்ல. நீர்த்த அசெட்டிக் அமிலத்தை (வினிகரின் புளிப்பு அதுதான்) கருப்பை வாயில் தடவினால், மாறுதலடைந்த இடம் ஓரிரு நிமிடங்களில் வெளுத்துத் தெரியும். ஆனால், இப்பரிசோதனைக்கு நான் உடன் அழைத்துச் சென்ற பெண்ணிடம், சீட்டு எழுதுபவர் வரிசையே கேட்கும்படி, "என்னம்மா வேலை பாக்குற?" என்றதும், அவர் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டு பேருந்து நிலையத்துக்கே திரும்பிவிட்டார்.

எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்துக்கு இப்பெண்கள் வரும் அன்றே, தொழிலைக் கேட்காமல், பெண் செவிலியரைக் கொண்டு இப்பரிசோதனையையும் முடித்துவிடவும், எச்.பி.வி. சோதனைக்கான மாதிரியைத் தாங்களே எடுத்துத்தர விரும்புவோரை அனுமதிக்கவும், 9 முதல் 14 வயது வரையுள்ள இவர்களுடைய மகள்களுக்குத் தடுப்பூசி விடுபடாமல் பார்த்துக்கொள்ளவும் மாவட்டச் சுகாதாரத் துறையினரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
கடலூர் முதுநகர்.