மேடையில் வாசிக்கப்படாத இரண்டு பக்கம்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஏப்ரல் 14 அன்று எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தருகே நடந்த அம்பேத்கர் பிறந்தநாள் விழாவுக்குப் போயிருந்தேன். ஏணி வைத்து ஏறி ஆளுயர மாலை சாத்தினார்கள். பிளக்ஸ் பேனரில் அம்பேத்கர் ஓர் ஓரமாகவும், விழாச் செலவை ஏற்ற உள்ளூர்ப் பிரமுகர் நடுவிலும் இருந்தார்கள். கோடு போட்ட நோட்டில் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்த கல்லூரி மாணவர் ஒருவர் மேடையோரம் முக்கால் மணி நேரம் நின்றார். பிரமுகரை வாழ்த்துவோர் வரிசை முடிந்தபாடில்லை. கடைசியில், "தம்பி, நேரமாயிடுச்சு, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்று சொல்லி மைக்கை அணைத்துவிட்டார்கள்.

அந்த நோட்டை வாங்கிப் படித்தேன். 1947 ஏப்ரலில், சென்னையிலிருந்து வெளிவந்த 'ஜெய்பீம்' இதழ் பிறந்தநாள் சிறப்பு மலருக்குச் செய்தி கேட்டபோது அம்பேத்கர் அனுப்பியதைத்தான் அவர் தமிழாக்கியிருந்தார். தம் பிறந்தநாளைக் கொண்டாடுவதில் தமக்கு விருப்பமில்லை என்பதும், தகுதியுள்ள தலைவரிடம் அன்பும் மதிப்பும் கொண்டாலே போதும், வழிபாடு தலைவரையும் தொண்டரையும் சேர்த்தே கெடுக்கும் என்பதும் அதன் சாரம்.

மாலையிடுவதையே நான் குறை சொல்லவில்லை. பல ஊர்களில் அவர் சிலை இரும்புக் கூண்டுக்குள் இருப்பதற்குக் காரணம் அதை உடைக்கக் காத்திருப்பவர்கள். அங்கே ஏணி வைத்து மாலை சாத்துவது தன்மானத்தைப் பறைசாற்றும் செயல். ஆனால், அரசியலில் பக்தி என்பது சீரழிவுக்கும் முடிவில் சர்வாதிகாரத்துக்குமே வழி என்று 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் எச்சரித்தவரும் அவரேதான். அப்படி அவர் பேசி 26 ஆண்டு நிறையுமுன் நெருக்கடி நிலை வந்து, பத்திரிகைகள் தணிக்கைக்கு உள்ளாயின. இந்திராவே இந்தியா என்று காங்கிரஸ் தலைவர் பரூவா முழங்கிய காலம் அது. அந்த இந்திராவின் தந்தையோ, 1937-இல் 'சாணக்கியன்' என்ற புனைபெயரில் கல்கத்தாவின் 'மாடர்ன் ரிவ்யூ' இதழில் தம்மைப் பற்றித் தாமே எழுதி, இவரைப் புகழ்ந்தே கெடுத்துவிடாதீர்கள், சர்வாதிகாரியாகிவிடக்கூடும் என்று நாட்டை எச்சரித்தவர்.

நானும் இதற்கு விலக்கல்ல. என் அபிமானத் தலைவர் அணி மாறியபோது, முந்தின மாதம் வரை எதைத் துரோகம் என்று வசைபாடினேனோ அதையே ராஜதந்திரம் என்று டீக்கடையில் தொண்டை வறள வாதாடியிருக்கிறேன். அவரிடம் எனக்குப் பிடித்திருந்த கொள்கை என்ன என்று அன்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லத் தெரிந்திருக்காது.

வரும் ஏப்ரல் 14 அன்று, முழுப்பக்க வாழ்த்து விளம்பரங்களுக்கிடையே சிறிது இடம் ஒதுக்கி, அந்த 1947-ஆம் ஆண்டுச் செய்தியைத் தாங்கள் தமிழில் வெளியிட வேண்டுகிறேன். மாணவரின் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.