பஞ்சிகாவத்தையில் காசு கொடுக்கும் முன்

அன்பு மகனுக்கு,

நேற்று இரவு நீ போனில் சொன்னதிலிருந்து என் மனம் அதிலேயே நிற்கிறது. கொழும்பு பஞ்சிகாவத்தையில் உன் டொல்பினுக்கு, அதாவது ரொயோட்டா ஹயஸ் வானுக்கு, பழைய வண்டியில் கழட்டின முன் பிரேக் டிஸ்க் ஒரு சோடியும் அதை இறுக்கிப் பிடிக்கிற கலிப்பர் இரண்டும் பாதி விலைக்குக் கிடக்கிறது, கடைக்காரர் "எல்லா டொல்பினுக்கும் ஒன்றுதான்" என்கிறார் என்றாய். பழைய சாமான் வாங்காதே என்று நான் சொல்லமாட்டேன். முப்பது வருடம் கராஜில் நின்றவன், அதன் அருமை எனக்குத் தெரியும். ஆனால் பிரேக் விஷயத்தில் வாய்ச்சொல்லை நம்பாதே ராசா.

இதை உனக்கு முன்பு சொன்னதில்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குச் சாமான் வரத் தடை இருந்த காலம். கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கிடைத்ததைப் போட்டோம். ஒரு வானின் பின் சில்லுக்கு, பிரேக் ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டர் மாற்றிக் கொடுத்தேன். போல்ட் துளையும் பைப் வாயும் அச்சொட்டாகப் பொருந்தின. இரண்டாம் நாள் மழையில் பிரேக் பிடித்தபோது அந்தப் பக்கச் சில்லு மட்டும் இறுகி, வான் குறுக்கே திரும்பி மதிலில் போய் நின்றது. நல்ல காலம், ஒருவருக்கும் பெரிய காயமில்லை. கழட்டி அளந்து பார்த்தேன். பழையதன் உள்விட்டம் 11/16 அங்குலம், நான் போட்டது 3/4. அரை நூல், அதாவது 1/16 அங்குல வித்தியாசம்தான். ஆனால் பிஸ்டனின் பரப்பு அதனால் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும், தள்ளும் விசையும் அவ்வளவு கூடும். அந்த மதில் இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

அதனால் முதலில் உன் வானில் சேஸிஸ் நம்பர் அடித்திருக்கும் தகட்டைப் படம் எடு. ஜப்பானிலிருந்து வந்த வண்டிக்கு 17 இலக்கச் சேஸிஸ் நம்பர் இருக்காது. LH113 போல ஒரு குறி, ஒரு கோடு, பிறகு எண்கள், அவ்வளவுதான். அதை முழுதாகக் கொடுத்தால்தான் ரொயோட்டா பார்ட்ஸ் புத்தகத்தில் சரியான எண் வரும். 43512 என்று தொடங்கினால் அது முன் டிஸ்க். அதற்கு அடுத்த 26 ஹயஸைக் குறிக்கும். ஆனால் ஹயஸ் என்று மட்டும் தெரிந்தால் போதாது. 1989 இல் வந்த உடம்பு வேறு, 2004 இல் வந்தது வேறு. ஒரே உடம்புக்குள்ளும் மாடலுக்கு மாடல் பிரேக் மாறும். கடைசி இலக்கம்வரை ஒத்துப் பார்.

பிறகு உன் பழைய டிஸ்க்கைக் கையில் கொண்டு போ. விட்டம், நடுத்துளை, போல்ட் துளைகள், மேசையில் வைத்தால் வரும் உயரம் எல்லாம் பக்கத்தில் வைத்து அள. டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிப்பு அடித்திருக்கும். தேய்ந்த டிஸ்க்கின் ஓரத்தில் வரம்பு நிற்பதால் அளக்கிற வேணியர் கருவியை அப்படியே வைத்தால் தடிப்புக் கூடிக் காட்டும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு ரூபாய்க் குற்றி வைத்து அளந்து, குற்றிகளின் தடிப்பைக் கழித்துக்கொள். குறைந்தபட்சத்துக்குக் கிட்ட வந்திருந்தால் இனாமாகத் தந்தாலும் வேண்டாம்.

கலிப்பரில் இடது வலது மாறிவிடக் கூடாது. பூட்டினால் ஏர் எடுக்கும் நிப்பிள் மேலே நிற்க வேண்டும். கீழே நின்றால் மேலே தங்கிய காற்று வெளியே வராது, பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். பிஸ்டனை வெளியே எடுத்துப் பார்க்க விடாத கடையில் வாங்காதே. துருவில் குழி விழுந்திருந்தால் புது சீல் போட்டும் கசியும். இரண்டு கலிப்பரிலும் பிஸ்டன் விட்டம் ஒன்றா, உன் பழையதும் அதேதானா என்று கட்டாயம் அள.

பேட், ரப்பர் ஹோஸ், சீல் கிட், செப்பு வாஷர் நான்கையும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். அதில் மிச்சம் பிடிக்காதே, காசு குறைந்தால் நான் போட்டு விடுகிறேன். ரப்பரை பெட்ரோலில் கழுவ விடாதே, ஊதிப் போகும். பிரேக் ஒயிலில்தான் கழுவ வேண்டும்.

பூட்டிய பிறகு சில்லைக் கையால் சுற்றிப் பார், கலிப்பர் ரிம்மில் உரசக் கூடாது. அப்புறம் வெறும் வானோடு ஒரு தட்டையான ரோட்டில் மெதுவாகப் பிடித்துப் பார். நேராக நின்றால் சரி. ஒரு கிழமையாவது கண்டிக்குள்ளேயே ஓடு. அதற்குமுன் ஆட்களை ஏற்றிக்கொண்டு நுவரெலியா போய், இறம்பொடை இறக்கத்தில் இறங்கவே கூடாது.

சனிக்கிழமைதானே கொழும்புக்குப் போகிறாய்? தகட்டின் படத்தை வெள்ளிக்கு முன் அனுப்பு. கடையில் நின்று கூப்பிடு, நான் போனைப் பக்கத்திலேயே வைத்திருப்பேன்.

அன்புடன்
அப்பா