யாழ்ப்பாணத்துக் கணக்கும் நம் ஊர் ஓட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2024 மக்களவைத் தேர்தலில் சுமார் 47 சதவீத ஓட்டு வாங்கிய தி.மு.க. கூட்டணி தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் பிடித்தது. சுமார் 23 சதவீதம் வாங்கிய அ.தி.மு.க. அணிக்கும், 18 சதவீதம் வாங்கிய பா.ஜ.க. அணிக்கும் ஒரு தொகுதிகூட இல்லை. தொகுதியில் அதிக ஓட்டு வாங்கியவரே ஜெயிப்பார் என்ற இந்த முறையை நாம் எடுத்துக்கொண்ட பிரிட்டனிலும் இதே கதைதான். அதே ஆண்டு 34 சதவீதத்துக்கும் குறைவாக வாங்கிய தொழிற்கட்சிக்கு 650-இல் 411 இடம் கிடைத்தது. "இலங்கையில் இருப்பதுபோல, வாங்கிய ஓட்டுக்கு ஏற்ப இடம் தரும் விகிதாசாரம் கொண்டுவந்தால் என்ன?" என்று இந்தக் கடற்கரை ஊர்களில் பலர் கேட்கிறார்கள். தனுஷ்கோடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் தலைமன்னார். அங்கே யார் ஆட்சிக்கு வருகிறார் என்பதில் இங்குள்ள படகுக்காரர்களின் பிழைப்பும் அடங்கியிருப்பதால், அந்தத் தேர்தலை நம் ஆட்கள் கூர்ந்து கவனிக்கிறார்கள். ஆனால் அங்கே ஆசனம் (இடம்) பிரிக்கும் கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

2024 நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்துக்கு 6 ஆசனம், செல்லுபடியான வாக்கு 3,25,312. அநுர குமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்தி 80,830, தமிழரசுக் கட்சி 63,327, தமிழ்க் காங்கிரஸ் 27,986, 17-ஆம் எண் சுயேச்சைக் குழு 27,855, ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணி 22,513, ஈழ மக்கள் ஜனநாயகக் கட்சி (ஈ.பி.டி.பி.) 17,730. மற்றவை எல்லாம் 5 சதவீதத்துக்குக் கீழே. அங்குள்ள சட்டப்படி அவற்றின் வாக்குகளை முதலிலேயே கழித்துவிடுவார்கள். அப்படிக் கழிந்தவை 85 ஆயிரம், அதாவது நாலில் ஒரு பங்கு. அடுத்து, முதலில் வந்த கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம். மிச்சம் 5 ஆசனம், மிச்ச வாக்கு 2,40,241. வகுத்தால் ஓர் ஆசனத்தின் விலை சுமார் 48,050 வாக்கு. அந்த விலைக்கு தேசிய மக்கள் சக்திக்கு ஒன்று, தமிழரசுக்கு ஒன்று. இன்னும் மூன்று ஆசனம் பாக்கி. கையில் மிச்சம் அதிகம் வைத்திருப்பவர்களுக்கு அவை வரிசையாகப் போகும். தேசிய மக்கள் சக்தியிடம் சுமார் 32,780 மிச்சம். அதற்கடுத்து தமிழ்க் காங்கிரஸ், சுயேச்சைக் குழு. ஆக, நூற்றுக்கு 25 வாக்கு வாங்கிய கட்சிக்கு ஆறில் மூன்று ஆசனம்.

போனஸை மட்டும் எடுத்துவிட்டு அதே வாக்குகளை ஆறால் வகுத்துப் பாருங்கள்: அந்த மூன்றாவது ஆசனம் தமிழரசுக்குப் போகும். 5 சதவீத வெட்டையும் சேர்த்து எடுத்தால் ஜனநாயகத் தமிழ்த் தேசியக் கூட்டணிக்குப் போகும். ஓட்டு அதேதான், விதி மாறினால் ஆள் மாறுகிறார். விகிதாசாரம் வேண்டும் என்பவர்கள் வெட்டு எத்தனை, போனஸ் உண்டா, மிச்சத்தை எப்படிப் பிரிப்பது என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது பாதிப் பேச்சு. விகிதாசாரம் வந்தால் தொகுதியும் மாவட்ட அளவுக்குப் பெரிதாகிவிடும். ஓர் ஊருக்கு ஓர் உறுப்பினர் என்பதும் போய்விடும்.

எனக்குப் பிடித்தது அவர்களுடைய ஜனாதிபதித் தேர்தல் முறைதான். வாக்காளர் 1, 2, 3 என்று மூன்று பேருக்கு விருப்பு வரிசை இடலாம். யாரும் பாதியைத் தாண்டாவிட்டால், முதல் இருவரைத் தவிர மற்றவர்களுக்கு விழுந்த சீட்டுகளை எடுத்து, அடுத்த விருப்பு இந்த இருவரில் யாருக்கு என்று பார்ப்பார்கள். 2024 செப்டம்பரில்தான் முதல் முறையாக இந்த இரண்டாம் எண்ணிக்கை நடந்தது. முதலில் வந்த அநுர குமார திசாநாயக்க 56,34,915 வாக்கிலிருந்து 57,40,179-க்கும், இரண்டாவதாக வந்த சஜித் பிரேமதாச 43,63,035-இலிருந்து 45,30,902-க்கும் வந்தார்கள். கூடியது இருவருக்கும் சேர்த்து 2.73 லட்சம். வெளியேறியவர்களின் சீட்டுகளோ 33 லட்சத்துக்கு மேல்! நூற்றுக்கு எட்டுச் சீட்டுதான் கை மாறியது. பெரும்பாலோர் ஒருவருக்கு மட்டும் குறியிட்டு நிறுத்திவிட்டார்கள் போலும். அதனால் ஜெயித்தவர் கடைசிவரை மொத்த வாக்கில் பாதியைத் தொடவில்லை. ஆஸ்திரேலியாவின் கீழவைத் தேர்தலில் எல்லாக் கட்டத்திலும் எண் போட்டே ஆக வேண்டும். சீட்டு பாதியில் நிற்காது, ஆனால் எண் பிசகியது, வெற்றாக விட்டது எல்லாம் சேர்த்து நூற்றுக்கு ஐந்து சீட்டு வீணாகிறது.

இந்த வரிசை முறை நமக்குப் புதிதில்லை. 1969-இல் வி.வி. கிரி குடியரசுத் தலைவரானது இரண்டாம் விருப்பு வாக்குகளை எண்ணித்தான். ஆனால் பழகியவர்களுக்கே தவறுகிறது. 2022 குடியரசுத் தலைவர் தேர்தலில் எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் போட்ட ஓட்டிலேயே 53 செல்லவில்லை.

மக்களவைக்கு உடனே இதைக் கொண்டுவர முடியாது. நம் இயந்திரத்தில் ஒரு பட்டனை அமுக்கியதும் பூட்டிக்கொள்ளும். அடுத்த எண்ணைப் போட வழியே இல்லை. ஏழு விநாடி தெரியும் ஒப்புகைச் சீட்டையும் மாற்ற வேண்டியிருக்கும். மேசை மேசையாக, சுற்றுச் சுற்றாக எண்ணி முடித்தாலும் போதாது. தொகுதி முழுதும் கூட்டிய பிறகுதான் யார் வெளியேறுகிறார் என்றே தெரியும். பிறகு சீட்டுகளை மறுபடி பிரிக்க வேண்டும்.

கிராம ஊராட்சித் தலைவர் தேர்தலுக்கு இந்தத் தடை எதுவும் இல்லை. அங்கே இன்றும் காகிதச் சீட்டுதான், இளஞ்சிவப்பு நிறத்தில். கட்சிச் சின்னம் கிடையாது, பதவி ஒன்றே ஒன்று. தெருவுக்கு ஒருவர் நின்று ஓட்டு சிதறி, கால்வாசி வாங்கியவரே தலைவராகிவிடும் இடமும் அதுதான். அரசியல் சாசனத்தைத் தொட வேண்டியதில்லை. 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டத்தையும் அதன் விதிகளையும் சட்டமன்றம் திருத்தினால் போதும். ஒரு விதி மட்டும் தெளிவாக இருக்கட்டும்: 1 கட்டாயம், 2-உம் 3-உம் விருப்பம், 1 இல்லாவிட்டாலோ, இரண்டு இடத்தில் இருந்தாலோ மட்டும் சீட்டு செல்லாது. மாதிரிச் சீட்டை ஒரு மாதம் முன்பே அச்சடித்து ரேஷன் கடையிலும் மீன் ஏலக்கூடத்திலும் ஒட்டி, எண் போட்டுப் பழகிப் பார்க்க வெற்றுச் சீட்டுகளையும் பக்கத்தில் வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.