குணங்குடி ஓர் ஊரின் பெயர்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில் சூஃபிக் கவிஞர் குணங்குடி மஸ்தான் சாகிபு பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ராயபுரம் தர்காவைப் பற்றி நன்றாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் 'தெற்கே ஏதோ ஒரு குக்கிராமத்தில் பிறந்து' என்ற வரியைத் தாண்ட என்னால் முடியவில்லை. அவர் பேரிலேயே ஊர் இருக்கிறதே ஐயா! கட்டுரை முழுக்கக் குணங்குடி, குணங்குடி என்று அச்சடித்தவர்கள் அது எங்கே இருக்கிறது என்று யாரையாவது கேட்டிருக்கக் கூடாதா?

தொண்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது குணங்குடி. 1792இல் அங்கே பிறந்து, கீழக்கரையில் ஓதியவர் அவர். சீதக்காதி வாழ்ந்த, மார்க்க அறிஞர் சதக்கத்துல்லாஹ் அப்பா அடங்கியிருக்கிற கீழக்கரை. அந்தப் படிப்போடுதான் பிற்பாடு சென்னைக்குப் போனார். 1838இல் அங்கே அடங்கிவிட்டதால் 'வடசென்னை தந்த சூஃபி' ஆகிவிடுவாரா? தொண்டிப் பக்கத்திலிருந்து போனதால் அவருக்குத் தொண்டியார் என்று பெயர்; அந்தத் தொண்டியார் இருந்த இடம்தான் தொண்டியார்பேட்டை ஆனது என்பார்கள் எங்கள் பக்கத்தில்.

நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். மஸ்தான் பாட்டை நான் படித்தது புத்தகத்தில் அல்ல, கடற்கரையில். என் அம்மாவும் பக்கத்து முஸ்லிம் வீட்டு ராத்தாவும் (அக்காவும்) விடியற்காலையில் வலையிலிருந்து நண்டு கழற்றுவார்கள். கொடுக்கு கிழிக்காமல் இருக்க விரலில் துணி சுற்றியிருக்கும். ராத்தா, 'பராபரமே' என்று முடியும் பராபரக்கண்ணியை எடுப்பார், அம்மா கூடவே பாடுவார். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. தாயுமானவர் பராபரக்கண்ணியும் மஸ்தான் பராபரக்கண்ணியும் அவருக்கு ஒரே பாட்டு; மாற்றி மாற்றிப் பாடுவார். பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து, "ரெண்டும் வேற வேற ஆளும்மா, ஒருத்தர் இந்து, ஒருத்தர் முஸ்லிம்" என்றேன். "ரெண்டு பேரும் நம்ம பக்கத்து ஆளுகதானடா" என்றார் அம்மா. உண்மைதான். தாயுமானவர் சமாதி ராமநாதபுரம் லட்சுமிபுரத்தில் இருக்கிறது. மஸ்தான் மேல் நான்மணிமாலை என்ற நூலைப் பாடியவர் சரவணப்பெருமாளையர் என்ற இந்துப் புலவர் என்பதும் தாங்கள் அறியாததல்ல. கட்டுரையில் அதற்கும் இடமில்லை.

எங்கள் கரை தங்கள் பத்திரிகையில் எப்போது வருகிறது? படகைப் பிடித்தால் வருகிறது. கடல் அட்டை கடத்தினால் வருகிறது. ஏர்வாடி என்றால் 2001 மனநலக் காப்பகத் தீ விபத்து மட்டும்தான். அதில் 28 உயிர் போனதை மறக்கச் சொல்லவில்லை. ஆனால் தர்காவின் சந்தனக்கூடு விழாவுக்கு எல்லாச் சாதிக்காரனும் குடும்பத்தோடு போய் நிற்கிற ஊரும் அதுதானே? முன்பு ஒருமுறை தொண்டியைத் தூத்துக்குடி மாவட்டம் என்று போட்டீர்கள். அப்போதும் எழுதினேன். பதிலே இல்லை.

முப்பது வருடமாகத் தங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்குகிறேன். அந்த உரிமையில் கேட்கிறேன். அடுத்த ஞாயிறு, ஏதாவது ஒரு மூலையில், 'குணங்குடி, தொண்டி அருகில், ராமநாதபுரம் மாவட்டம்' என்று ஒரு வரித் திருத்தம் போடுங்கள். ராத்தா இன்னும் இருக்கிறார். அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியர்,
தொண்டி.