நாவலின் நீளம் குறைந்தது ஏன்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

எங்கள் வாசகர்களுக்கும், பள்ளி நூலகப் பொறுப்பாளர்களுக்கும், எங்கள் நூல்களை வாங்கி விற்கும் கடை நண்பர்களுக்கும் வணக்கம்.

சென்னை நந்தனத்தில் நடந்த புத்தகக் காட்சியில் எங்கள் அரங்குக்கு வந்தவர்களுக்கு நினைவிருக்கும். வற்றிப்போன ஏரியின் மதகுக்குள் இறங்கும் சிறுமியைப் பற்றிய மாயக்கதை நாவலின் அட்டைப்படத்தை வாசலிலேயே தொங்கவிட்டு, 416 பக்கம், முன்வெளியீட்டு விலை 350 ரூபாய் என்று அறிவித்திருந்தோம். இப்போது உங்கள் கைக்கு வந்திருப்பது 224 பக்க நூல். இந்த மாற்றத்தை நாங்களே முன்கூட்டித் தெரிவித்திருக்க வேண்டும். மெய்ப்புப் பார்த்துவந்த நண்பர் நடுவில் வேலையை விட்டுப் போனதால், கடைசி இரண்டு மாதங்களில் எல்லாவற்றையும் நானே பார்க்க வேண்டியதாயிற்று என்பது உண்மைதான் என்றாலும், அதைச் சாக்காகச் சொல்ல விரும்பவில்லை.

நூல் வெளிவந்த மூன்றாம் நாளே, "காகிதத்தை மிச்சம் பிடிக்கக் கதையைக் கத்தரித்துவிட்டார்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றத் தொடங்கியது. என் மைத்துனரே அதை, "இது உங்களைப் பற்றியா?" என்று கேட்டு எனக்கு அனுப்பியிருந்தார். விலையைப் பற்றியோ தாமதத்தைப் பற்றியோ எவ்வளவு திட்டினாலும் தாங்கிக்கொள்வேன். குழந்தைகள் நூலில் காகிதத்துக்காகக் கதையை வெட்டினேன் என்ற சொல்லை மட்டும் அப்படியே விட்டுவிட மனம் இடம் தரவில்லை.

காகிதக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். டெமி எனப்படும் வழக்கமான நூல் அளவில், ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்ற கணக்கில், 416 பக்கம் என்பது 26 ஃபாரம். 224 பக்கம் என்பது 14 ஃபாரம். புத்தகத்துக்கு ஜிஎஸ்டி இல்லை, ஆனால் அச்சிடும் காகிதத்துக்கான வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாக உயர்ந்தது. விற்கும் பொருளுக்கு வரிவிலக்கு இருப்பதால், காகிதத்துக்குக் கட்டிய வரியைத் திரும்பப் பெறவும் எங்களுக்கு வழியில்லை. எடையையும் மறைக்கவில்லை. நூல்களுக்கு வழக்கமாகப் பயன்படும் 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ காகிதத்தில் 416 பக்க நூல் 450 கிராமைத் தாண்டும். 224 பக்க நூல் உறையோடு சேர்த்தே 300 கிராமுக்குள் அடங்கும். அச்சு நூல்களைப் பதிவுத் தபாலில் அனுப்புவதற்கான பழைய சலுகைக் கட்டணத்தை அஞ்சல் துறை 2024 டிசம்பரில் நிறுத்திவிட்டது; நூல்களை அனுப்ப 2025 மே மாதம் வந்த ஞான் போஸ்ட் என்ற அஞ்சல் திட்டத்தில் 300 கிராம் வரைதான் 20 ரூபாய். இதையெல்லாம் படித்துவிட்டு, "அப்படியானால் காகிதம்தானே காரணம்?" என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. இந்த மிச்சம் எங்களுக்குப் பிறகு தெரியவந்த மிச்சம். முடிவு அதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிட்டது.

அந்த முடிவை எடுக்க வைத்தது ஒரு மயிலிறகு. கைப்பிரதி எங்களிடம் வந்தபோது 71,000 சொற்கள் இருந்தன. வழக்கம்போல் அதை ஸ்பைரல் கட்டிய படிகளாக்கி, ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பதினொரு பிள்ளைகளிடம் கொடுத்தோம். மூன்று வாரம் கழித்துத் திரும்ப வாங்கினால், என் தங்கை மகள் கொடுத்த படியில் 61ஆம் பக்கத்தில் மயிலிறகு இருந்தது. குட்டி போடட்டும் என்று வைத்தாளோ, அடையாளத்துக்கு வைத்தாளோ தெரியாது; அதற்குப் பிறகு ஒரு பக்கத்தின் மூலைகூட மடங்கவில்லை. மற்ற படிகளையும் புரட்டிப் பார்த்தேன். எண்ணெய்க் கறை, முறுக்குத் துணுக்கு, பென்சில் கிறுக்கல் எல்லாம் ஏழு படிகளில் அறுபதாம் பக்கத்தை ஒட்டியே நின்றுவிட்டன. அங்கேதான் ஏரிக்கு அடியிலிருக்கும் நாட்டை ஆண்ட பதினான்கு அரசர்களின் வம்சாவளி தொடங்குகிறது. ஒன்பது பக்கம். சிறுமி மதகுக்குள் இறங்கிக் கால் வைத்த அந்த நொடியில் அவளை அங்கேயே நிறுத்திவிட்டு, எழுத்தாளர் அரசர்களின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாயக்கதைக்கு மற்றக் கதைகளைவிடக் கூடுதல் இடம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. இல்லாத ஓர் உலகத்தின் வழி, வாசல், விதி, விலக்கு எல்லாவற்றையும் கட்டி எழுப்பியாக வேண்டும். ஆங்கிலப் பதிப்புலகில் இந்த வயதினருக்கான மாயக்கதைகளுக்கு ஏறத்தாழ 50,000 முதல் 80,000 சொற்கள் வரை இடம் தருவார்கள். ஆனால் அந்த எண்ணை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர முடியாது. "படித்துக்கொண்டிருந்தவர்களிடமிருந்து" என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் அது நான்கைந்து சொல். ஆகவே தமிழில் 71,000 என்பது அங்கே ஒரு லட்சத்தைத் தாராளமாகத் தாண்டும் கதை. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்ற பெரிய எழுத்தில், வரிகளுக்கிடையே மூச்சுவிட இடம் கொடுத்து அடுக்கினால், ஒரு பக்கத்தில் 190 சொற்களுக்கு மேல் ஏறாது. எழுத்தைச் சிறிதாக்கி 320 பக்கத்தில் முழுக்கதையையும் அடைத்திருந்தால் இந்த வாட்ஸ்அப் செய்தியே வந்திருக்காது என்பதும் எனக்குத் தெரியும். அந்த வழியை வேண்டாமென்றுதான் விட்டோம்.

"ஹாரி பாட்டரை எழுநூறு பக்கம் படிக்கிற பிள்ளைகள் இதைப் படிக்க மாட்டார்களா? குழந்தைகளை ஏன் குறைத்து எடைபோடுகிறீர்கள்?" என்று கோவையிலிருந்து ஒரு வாசகி வருத்தத்தோடு எழுதியிருந்தார். நியாயமான கேள்விதான். 2003இல் வந்த ஐந்தாம் நூலின் ஆங்கில மூலம் 766 பக்கம். 1997இல் வந்த முதல் நூல் 223 பக்கம். பிள்ளைகள் கதையில் வரும் மாயப் பள்ளிக்கூடத்தின் மாடிப்படிகள் வரை மனப்பாடமான பிறகுதான் பெரிய நூலைத் தூக்கினார்கள். அம்புலிமாமாவில் தொடர்கதை படித்து வளர்ந்த நம் பெற்றோருக்கும் மாதத்துக்குச் சில பக்கம்தான் கிடைத்தது. மொத்தக் கதையையும் ஒரே நாளில் கையில் கொடுத்திருந்தால் எத்தனை பேர் முடித்திருப்பார்கள் என்று நான் யோசிப்பதுண்டு.

சுருக்கியது எழுத்தாளருக்குத் தெரியாமல் நடந்ததாகவும் ஒரு பேச்சு இருக்கிறது. அது முற்றிலும் தவறு. ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு மாலை, அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இருவரும் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். சிவப்பு மையால் அடித்தவர் அவர். நான் பென்சிலால் கேள்விக்குறி மட்டும் போட்டேன். பதினான்கு அரசர்களில் இருவர் தப்பினார்கள். ஏரிக்கு அடியிலிருக்கும் நாட்டில் நடக்கும் போர், ஏறத்தாழ 18,000 சொற்கள், தனிக்கதையாகவே நிற்கும் என்று தோன்றியதால் இரண்டாம் நூலுக்கு எடுத்துவைத்தோம். மீந்தது 39,000 சொற்கள், முப்பது அத்தியாயங்கள். ஒவ்வொன்றும் இரவில் வாய்விட்டுப் படித்தால் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடத்தில் முடியும். ஒன்பதாம் அத்தியாயத்தில் வரும் பரிசல்காரரின் நீண்ட பேச்சையும் எடுத்துவிடலாம் என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் அவர் குடிக்கக் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டார். அது இருக்கிறது. எனக்கு அது இன்னமும் நீளம்தான்.

தடித்த நூலைப் பிள்ளைகள் படிக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். தரையில் குப்புறப் படுத்து, நூலை இரண்டாக விரித்து, நடுவில் முழங்கையை ஊன்றுவார்கள். பசைக் கட்டு நூலின் முதுகு அதைப் பத்து நாள் தாங்குவதே அரிது. முன்பு நாங்கள் வெளியிட்ட தடித்த நூல் ஒன்று ஒரு பள்ளி நூலகத்திலிருந்து உதிரித் தாள்களாக, ரப்பர் பட்டை போட்டுத் திரும்பி வந்ததை இன்றும் மேசையறையில் வைத்திருக்கிறேன்.

முன்பதிவு செய்தவர்களுக்கு: நூலின் விலை இப்போது 290 ரூபாய் என்பதால், மீதமுள்ள 60 ரூபாய் இரண்டாம் நூலின் விலையில் கழித்துக்கொள்ளப்படும், அந்நூல் வெளிவரும் நாளைப் பின்னர் அறிவிப்போம்.

மழை வெள்ளத்தில் கிடங்கில் தண்ணீர் புகுந்த ஆண்டில், நனைந்த படிகளையும் முழு விலை கொடுத்து வாங்கிச் சென்றவர்கள் நீங்கள். புத்தகக் காட்சியில் பத்து விழுக்காடு கழிவை வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போன ஆசிரியர்கள் உங்களில் இருக்கிறார்கள். பிள்ளையின் பிறந்தநாளுக்கு வகுப்பு முழுவதற்கும் மிட்டாய்க்குப் பதில் எங்கள் சிறு நூல்களை வாங்கிக் கொடுத்த திருச்சிக் குடும்பத்தை எப்படி மறப்பேன்? உங்கள் கோபத்துக்கும் இந்தப் பதிப்பகத்தின் மீது உரிமை உண்டு என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பிள்ளை நூலை எந்தப் பக்கத்தில் மூடி வைத்தது என்பதை ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். குறிப்பாக ஒன்பதாம் அத்தியாயத்தைத் தாண்டிக் குதித்துப் படித்தால் அவசியம் எழுதுங்கள். எழுத்தாளரிடம் காட்ட வேண்டும். குதிக்காமல் படித்திருந்தால் அதையும் எழுதுங்கள், காட்டத்தான் வேண்டும்.

நன்றியுடன்,
பதிப்பாளர்